விடுபட்ட ஓர் எண்

காஞ்சிபுரம் காந்தி சாலையில் நடக்கும்போதெல்லாம், பட்டுக் கடைகளில் சேலைகளை எண்ணி அடுக்குபவர்களைக் கண்டு சற்று நிற்பேன். கணித மேதை இராமானுஜனின் தந்தை கும்பகோணத்தில் சேலைக் கடை எழுத்தர். தாய்வழிப் பாட்டனார் காஞ்சிபுரம் நீதிமன்றத்தில் பணியாற்றியவர். அதனால், 1887-இல் ஈரோட்டில் பிறந்த இராமானுஜன் சிறுவயதில் சில காலம் இவ்வூரில் வளர்ந்தார். இங்கே பள்ளிக்கும் சென்றார்.

1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரி அவருக்கு உதவித்தொகை அளித்தது. கணிதத்தில் மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டதால் தேர்வில் தோற்றார், உதவித்தொகை பறிபோயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் தேர்ச்சி கிட்டவில்லை. வறுமையில் உழன்றபின், 1912-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தரானார். 1913-இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் கதவைத் திறந்தது. மறு ஆண்டே இங்கிலாந்து சென்றார்.

1915-இல் லண்டன் கணிதக் கழகம் அவருடைய நீண்ட கட்டுரையை வெளியிட்டது. அதன் பொருள் உயர் பகு எண்கள். 11 சேலைகளைச் சம கட்டுகளாகப் பிரிக்க வழியில்லை. 12 சேலைகளை 2, 3, 4, 6 எனப் பலவாறு பிரிக்கலாம். 1, 12 ஆகியவற்றையும் சேர்த்தால் 12-க்கு ஆறு வகுத்திகள். அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை இல்லை. இத்தகைய எண்களே உயர் பகு எண்கள். 24, 36, 48, 60 என இவை தொடரும்.

கணிப்பொறி இல்லாத அக்காலத்தில், நூற்றுக்கும் மேற்பட்ட இவ்வெண்களை அவர் அட்டவணையிட்டார். கடைசி எண் 67,46,32,83,88,800. அதன் வகுத்திகள் 10,080.

அந்த அட்டவணையில் ஓர் எண் விடுபட்டிருந்தது: 2,93,31,86,25,600. இதை 23-ஆல் பெருக்கினால் அட்டவணையின் கடைசி எண்ணே கிடைக்கும் என்பது வியப்பு.

ஆயினும் இந்த ஆய்வுக்காகவே 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது. 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1919-இல் நோயுடன் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26 அன்று 32 வயதில் மறைந்தார். கணிதக் கழகத்தின் நிதி நெருக்கடியால் அச்சேறாத கட்டுரையின் எஞ்சிய பகுதி, பல பத்தாண்டுகள் கழித்தே வெளிவந்தது.

பொருளாதாரப் பேராசிரியனாக ஆயிரக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்தியவன் நான். பாடநூலில் இல்லாத வழியில் கணக்கிட்ட ஒரு மாணவனுக்கு, இறுதி விடை பிழை என்று சுழியம் இட்டிருக்கிறேன். அவ்வழியை எவ்வாறு கண்டாய் என்று அவனைக் கேட்கவில்லை. அந்தச் சிவப்பு மை இன்றும் உறுத்துகிறது.

தேர்வே வேண்டாம் என்பதன்று என் வாதம். விடுபட்டதை எண்ணுவது எளிது. கண்டறிந்ததை எடைபோடவே ஆசிரியர் தேவை.