தமிழ்த் தாத்தா மறுபடியும் மாணவரானார்



பரிசளிப்பு விழாவில் நம் பிள்ளை மேடை ஏறிப் பரிசு வாங்கும்போது பெற்ற வயிறு குளிர்கிறது. அது நியாயந்தான். ஆனால் பரிசு வாங்கின பிறகுதான் உண்மையான படிப்பு ஆரம்பமாகிறது என்பதை ஒரு பெரியவரின் வாழ்க்கை நமக்குச் சொல்லித் தருகிறது. அவர் வேறு யாருமல்லர். தமிழ்த் தாத்தா என்று நாமெல்லாம் அன்போடு அழைக்கும் டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்களே.

அவர் பிறந்தது 1855 பிப்ரவரி 19. சொந்த ஊர் தமிழ்நாட்டில் கும்பகோணத்துக்குப் பக்கத்திலுள்ள உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர் பாட்டுப் பாடியும் கதை சொல்லியும் பிழைத்தவர். இன்று சாப்பாடு உண்டு, நாளைக்கு எப்படியோ என்ற குடும்பம். பிள்ளைக்கோ தமிழ் மேல் தீராத ஆசை. தமிழ் படிச்சு என்ன வரப்போகுது, இங்கிலீஷ் படிக்க வையுங்கள் என்று சுற்றத்தார் சொல்லத்தான் செய்தார்கள். நம் காதிலும் விழுகிற பேச்சுத்தானே இது! தகப்பனார் அசையவில்லை. அரியலூர், குன்னம் என்று எந்த ஊர்ப் பக்கம் தமிழ் சொல்லிக் கொடுக்க ஆள் உண்டோ அந்த ஊருக்குக் குடும்பத்தோடு போய்க் குடியிருந்தார்.

1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். அக்காலத்தில் தமிழ்நாட்டிலேயே பெரிய புலவர் அவர். அந்தாதி, கலம்பகம், கோவை, உலா, பிள்ளைத்தமிழ், புராணம் என்று எத்தனையோ நூல்களை அவரிடம் பாடம் கேட்டார். 1876இல் ஆசிரியர் காலமாகும் வரை அவருடைய மாணவராகவே இருந்தார். 1880இல் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 50 ரூபாய். அந்த நாளில் அது நல்ல சம்பளம். வயது 25. படிப்பும் ஆச்சு, வேலையும் ஆச்சு என்று நாமாக இருந்தால் காலை நீட்டி உட்கார்ந்திருப்போம்.

அதே ஆண்டு அக்டோபர் மாதம் 21ஆம் தேதி, அவ்வூருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். சாமிநாதையர் நீளமாக ஒரு பட்டியல் சொன்னார். முதலியார் முகத்தில் சந்தோஷமே இல்லை. இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்று கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை இவற்றைப் படித்ததுண்டா என்றார். படித்ததில்லை. அவற்றின் பிரதி கூட அவருக்குக் கிடைத்ததில்லை.

இந்த இடத்தில்தான் பிள்ளைகளே, நீங்கள் கவனிக்க வேண்டும். கல்லூரியில் பாடம் நடத்தும் பண்டிதரைப் பார்த்து ஒருவர் இப்படிக் கேட்டால் கோபம் வரும். இல்லாவிட்டால் ஏதாவது சொல்லி மழுப்பத் தோன்றும். சாமிநாதையருக்கும் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் திரும்பவும் முதலியார் வீட்டுக்குப் போனார். சிந்தாமணிப் பிரதியை அவரிடம் வாங்கி, இருவரும் சேர்ந்து படிக்கத் தொடங்கினார்கள்.

படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, எவ்வளவு தெரியவில்லை என்று. சிந்தாமணியில் 3145 பாட்டு. அது சமண சமயக் காவியம். சைவ நூல்களிலே ஊறிய அவருக்குச் சமணக் கொள்கைச் சொற்கள் புரியவில்லை. புரியாததைத் தாண்டிப் போகாமல், கும்பகோணத்தில் குடியிருந்த சமணர்களிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். உரை எழுதிய நச்சினார்க்கினியர் பழைய நூல்களிலிருந்து அடிகளை எடுத்துக்காட்டியிருக்கிறார். எந்த நூல் என்று பல இடங்களில் சொல்லவில்லை. அவற்றைத் தேடித் திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளைப் புரட்டினார். அங்கே சங்க நூல்கள் அகப்பட்டன. ஊர் ஊராகப் போய் ஏடுகளைச் சேகரித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, சொற்களுக்கெல்லாம் தனியாகக் குறிப்பு எழுதி வைத்துக்கொண்டார். இப்படி ஏழு வருஷப் பாடுபட்டு 1887இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார்.

பிறகு பத்துப்பாட்டு 1889இல், சிலப்பதிகாரம் 1892இல், புறநானூறு 1894இல், மணிமேகலை 1898இல் வெளிவந்தன. மணிமேகலை பௌத்த நூல். பௌத்தம் பற்றிய விஷயங்கள் இங்கிலீஷ் புத்தகங்களில் இருந்தன. ஐயருக்கோ அந்தப் படிப்பு இல்லை. தம்மோடு கல்லூரியில் வேலை பார்த்த ரங்காசாரியாரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். வெட்கப்படவில்லை. 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும் 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் அவரைத் தேடி வந்தன. 1937இல், 82 வயதில், குறுந்தொகையைப் பதிப்பித்தார். 1942 ஏப்ரல் 28ஆம் தேதி காலமானார்.

நம் தோட்டத்துத் தாத்தா பாட்டிகளைக் கேட்டுப் பாருங்கள். பால்மரம் வெட்டும் முறையை வாயால் ஒப்பித்தவனிடம் யாரும் மரத்தைக் கொடுத்துவிடுவதில்லை. பட்டையை மேலோடு சீவினால் பால் வராது. கத்தி உள்ளே போனால் மரம் காயப்படும். கை பழகி, கண் பழகி, தவறு செய்து திருத்திக்கொண்டால்தான் வெட்டு கைவரும். படிப்பும் அப்படித்தான். யூ.பி.எஸ்.ஆர். சோதனை 2021இல் எடுபட்டுப் போச்சு. இப்போது வகுப்பிலேயே 1 முதல் 6 வரை அடைவுநிலை பார்த்துப் பதிகிறோம். ஆனால் எண் எதுவானாலும், ஒப்பிப்பது வேறு, புரிந்துகொள்வது வேறு. வாய்ப்பாட்டைக் கடகடவென்று சொல்லும் பிள்ளை, ஆறு பேருக்கு ஆளுக்கு ஏழு ரம்புத்தான் வேண்டுமென்றால் எத்தனை பழம் என்று கேட்டதும் திருதிருவென விழிப்பதை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். குற்றம் பிள்ளையுடையது மட்டுமல்ல; ஒப்பித்தால் போதும் என்று இருந்துவிட்ட ஆசிரியர்களாகிய எங்களுடையதும்தான்.

பெற்றோர்களே, எங்களுக்குப் படிப்பு இல்லையே, பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று கவலைப்படுகிறீர்கள். இராமசாமி முதலியார் தமிழ்ப் பண்டிதர் அல்லர், கோர்ட்டு உத்தியோகஸ்தர். அவர் செய்தது ஒரு கேள்வி கேட்டதுதான். நீங்களும் ராத்திரி சாப்பிட்ட பிறகு பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, இன்றைக்குப் படிச்சதை எனக்கு விளங்குகிற மாதிரி சொல்லு என்று கேளுங்கள். அது தடுமாறினால் அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். நாளைக்கு வாத்தியாரிடம் கேட்டுவிட்டு வந்து சொல் என்று அனுப்புங்கள். நாங்கள் காத்திருக்கிறோம்.

மாணவச் செல்வங்களே! தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். அப்படிச் சொல்லி, மறுபடி படிக்க உட்கார்ந்த ஒருவரால்தான் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் இன்று நம் கையில் இருக்கின்றன.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!