வங்கப் புலி அசுதோஷ் முகர்ஜி

1857ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கல்கத்தாப் பல்கலைக்கழகம், அரை நூற்றாண்டுக் காலம் பெரும்பாலும் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இருந்தது. கற்பிக்கும் பணியைக் கல்லூரிகளே மேற்கொண்டன. இந்நிலையை மாற்றியவர் சர் அசுதோஷ் முகர்ஜி.

1864இல் கல்கத்தாவில் பிறந்த அவர், கணிதத்தில் பெரும்புலமை பெற்றவர், சட்டமும் பயின்றவர். 1889இல் பல்கலைக்கழகப் பேரவையின் உறுப்பினரானார். 1904இல் உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1906இல் துணைவேந்தர் பொறுப்பேற்றபோதும் நீதிபதிப் பணியைத் தொடர்ந்தார்.

கர்சன் பிரபுவின் காலத்தில், 1904இல் இயற்றப்பெற்ற பல்கலைக்கழகச் சட்டம் அரசின் பிடியை இறுக்கும் எனத் தலைவர் பலர் எதிர்த்தனர். ஆயினும், பல்கலைக்கழகமே பேராசிரியர்களை அமர்த்தவும் ஆய்வகங்கள் நிறுவவும் இடந்தரும் பிரிவும் அதில் இருந்தது. பிறர் விலங்கென அஞ்சிய சட்டத்தில் முகர்ஜி திறவுகோலைக் கண்டார். தாரக்நாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் ஆகியோரின் பெருங்கொடையால் அறிவியல் கல்லூரி எழுந்தது. முதுகலைத் துறைகள் மலர்ந்தன. வங்க மொழியும் முதுகலைப் பாடமாயிற்று. அரசின் கணக்குத் துறையில் பணியாற்றிய சர். சி. வி. இராமன் 1917இல் இயற்பியல் பேராசிரியரானதும், திருத்தணியில் பிறந்த இராதாகிருஷ்ணன் 1921இல் மெய்யியல் பேராசிரியரானதும் அவர்தம் முயற்சியாலேயே.

1921இல் மீண்டும் துணைவேந்தரானபோது பல்கலைக்கழகம் கடும் பொருள் நெருக்கடியில் இருந்தது. ஆசிரியர்களுக்கு ஊதியம் வழங்குவதும் அரிதாயிற்று. இரண்டரை இலட்சம் ரூபாய் தர முன்வந்த அரசு, உடன் சில நிபந்தனைகளையும் விதித்தது. அவற்றை ஏற்றால் பசி தீரும். பல்கலைக்கழகம் தன்னாட்சியை இழக்கும். முகர்ஜி தனித்து முடிவெடுக்கவில்லை. 1922இல் பேரவையைக் கூட்டி, அதன்முன் தம் கருத்தை உரைத்தார். வறுமையை ஏற்றாலும் உரிமையை விற்பதில்லை என்பதே அவர் நிலைப்பாடு. பேரவையும் அந்நிபந்தனைகளை ஏற்க மறுத்தது.

மறு ஆண்டு அவருடைய பதவிக்காலம் முடிவுற்றது. வங்க ஆளுநரும் பல்கலைக்கழக வேந்தருமான லிட்டன் பிரபு, அரசை எதிர்க்காமல் ஒத்துழைப்பதாக உறுதியளித்தால் பதவியை நீட்டிப்பதாக எழுதினார். முகர்ஜி அப்பதவியைத் துறந்தார். 1924ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் பாட்னாவில் மறைந்தார்.

விதிகளை நுணுகிக் கற்றவர். அவற்றைக் கல்வி வளரப் பயன்படுத்தியவர். பதவியினும் நிறுவனத்தின் உரிமையே பெரிதெனக் கருதியவர். மக்கள் அவரை வங்கப் புலி எனப் போற்றியது பொருத்தமே.