பூட்டு ஊருக்கே தெரியட்டும், சாவி பத்திரம்! யார் இந்த கெர்க்ஹாஃப்ஸ்?

பேங்க் இணையதளத்தில் பாஸ்வேர்டு அடிக்கிறீர்கள். அது ரகசியக் குறியீடாக மாறித்தான் வெளியே போகிறது. அப்படி மாற்றித் தரும் மென்பொருள்களில் முக்கியமானது ஓபன்எஸ்எஸ்எல். அதன் ஒவ்வொரு வரியையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். திருடனும் படிக்கலாம். அப்புறம் எப்படிப் பாதுகாப்பு?

இதற்கு 1883-லேயே பதில் சொன்னவர் ஒரு ஜெர்மன் மொழி வாத்தியார், ஆகுஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ்.

நெதர்லாந்தின் நூத் கிராமத்தில் 1835-ல் பிறந்தவர். பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, பிரான்ஸில் ஆசிரியர் வேலைக்குப் போனார். முதலில் மெலுன் என்ற ஊரில், பிறகு பாரிஸில்.

1870-ல் தொடங்கிய போரில் பிரஷ்யாவிடம் பிரான்ஸ் படுதோல்வி அடைந்திருந்த காலம் அது. செய்திகள் தந்தியில் பறக்க ஆரம்பித்துவிட்டன. கம்பியில் போகும் செய்தியை எதிரி ஒட்டுக்கேட்கலாம். படைகளோ ரகசியக் குறியீட்டுப் புத்தகங்களை நம்பியிருந்தன. ஒரே ஒரு புத்தகம் திருடு போனாலும் போச்சு, எல்லா முகாமுக்கும் புதுசு அச்சடித்து அனுப்ப வேண்டும்.

பிரெஞ்சு ராணுவ அறிவியல் இதழில் 1883 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வெளியான கட்டுரையில் கெர்க்ஹாஃப்ஸ் ஆறு விதிகள் வகுத்தார். அதில் இரண்டாவதுதான் இன்றைக்கும் வாழ்கிறது: முறை எதிரி கையில் சிக்கினாலும் சிக்கல் வரக் கூடாது. ரகசியம் சாவியில் மட்டும்தான் இருக்க வேண்டும். சாவி போனால் நொடியில் மாற்றிவிடலாம். முறையையே மாற்றுவது அப்படியா? அந்தச் சாவியும் எழுதி வைக்காமல் மனசில் நிற்கும்படி இருக்கணும் என்றார். பாஸ்வேர்டை சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டுபவர்கள் கவனிக்க!

ஆனால் கோடு திறந்து கிடந்தால் மட்டும் போதாது, யாராவது உட்கார்ந்து பார்க்கவும் வேண்டும். 2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் பிழை, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓபன்எஸ்எஸ்எல்லில் எல்லோர் கண் முன்னாலும் இருந்தது. அதன் வழியே சர்வரின் ரகசியச் சாவியே கசியலாம். கெர்க்ஹாஃப்ஸ் காக்கச் சொன்னதே அதைத்தானே! பாதி இணையமும் நம்பியிருந்த அந்த மென்பொருளுக்கு அப்போது முழுநேர ஆள் ஒரே ஒருவர். நன்கொடையாக வந்தது ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர். கடுப்பான ஓபன்பிஎஸ்டி குழுவினர் கோடைப் பிரித்தெடுத்து லிப்ரேஎஸ்எஸ்எல் என்று தனிக்கடை போட்டார்கள்.

இந்தத் தனிக்கடை தலைவலியும் கெர்க்ஹாஃப்ஸுக்குப் புதிதல்ல. உலகத்துக்கே பொதுவாக வோலபூக் என்ற மொழியை உருவாக்கியிருந்தார் ஷ்லையர் என்ற ஜெர்மன் பாதிரியார். அதன் அகாடமிக்கு 1887-ல் கெர்க்ஹாஃப்ஸ் தலைவரானார். இலக்கணத்தை எளிமையாக்கலாம் என்றார். எந்த மாற்றத்தையும் தடுக்கும் அதிகாரம் தனக்கே வேண்டும் என்றார் ஷ்லையர். 1889-ல் பாரிஸ் மாநாட்டில் பரிமாறியவர்கள்கூட வோலபூக்கில் பேசினார்களாம். ஆனால் சண்டை தீரவில்லை. ஷ்லையர் போட்டி அகாடமி தொடங்கினார். கெர்க்ஹாஃப்ஸ் சில ஆண்டுகளில் விலகிவிட்டார். பின்னால் வந்தவர்கள் அந்த அகாடமியிலேயே இடியம் நியூட்ரல் என்று வேறொரு மொழியைச் செய்தார்கள்.

கெர்க்ஹாஃப்ஸ் 1903-ல் ஸ்விட்சர்லாந்தில் இறந்தார்.