திரு.வி.க.: நம் ஜில்லாவில் பிறந்த தொழிற்சங்கத் தலைவர்

நம் வட்டாரத்தோடு தொடர்புடைய பெரியவர் ஒருவரை இதழுக்கு ஒருவராக அறிமுகப்படுத்தும் பகுதி இது. இந்தக் காலாண்டில் திரு.வி.க.வைப் பற்றி எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

திரு.வி.க. என்றதும் பலருக்குத் தமிழ்த்தென்றல் என்ற பட்டமும் பள்ளிப் பாடநூலில் வந்த கட்டுரையும் நினைவுக்கு வரும். சென்னையில் முதன்முதலாக முறைப்படி அமைந்த தொழிற்சங்கத்தைக் கட்டியவர்களில் அவரும் ஒருவர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

பிறப்பும் படிப்பும்

திருவாரூர் விருத்தாசல முதலியார் மகன் கலியாணசுந்தரனார், 1883 ஆகஸ்ட் 26 அன்று துள்ளம் என்ற சிற்றூரில் பிறந்தார். இந்த ஊர் பின்னாளில் தண்டலம் எனப்பட்டது. பெயரில் திருவாரூர் இருந்தாலும் அது முன்னோர் ஊர்தான். பிறந்த மண் செங்கற்பட்டு ஜில்லா. இன்றைய காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களும் அப்போது அந்த ஜில்லாவுக்குள்தான் இருந்தன.

சிறு வயதில் கை கால் முடங்கிப் படிப்பு சில ஆண்டுகள் தடைபட்டது. பிறகு சென்னை இராயப்பேட்டையில் வெஸ்லி பள்ளியில் சேர்ந்தார். அங்கே யாழ்ப்பாணம் கதிரைவேற்பிள்ளையிடம் தமிழ் கற்றார். ஆசிரியர் மீது நடந்த வழக்கில் சாட்சி சொல்லப் போனதால் இறுதித் தேர்வை எழுத முடியவில்லை. பள்ளிப் படிப்பு அத்தோடு நின்றது. ஸ்பென்சர் கம்பெனியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். அரசியல் ஈடுபாட்டால் அதை விட்டுவிட்டு ஆசிரியரானார். 1917-இல் ஆசிரியர் வேலையையும் விட்டு தேசபக்தன் நாளிதழின் ஆசிரியராகவும், 1920-இல் நவசக்தி ஆசிரியராகவும் ஆனார்.

1912-இல் கமலாம்பிகையை மணந்தார். பிறந்த இரண்டு குழந்தைகளும் சிறு வயதிலேயே இறந்தன. 1918-இல் மனைவியும் காலமானார். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அதே ஆண்டில்தான் தொழிலாளர் இயக்கம் அவர் வாழ்க்கைக்குள் வந்தது.

பெரம்பூர் ஆலையும் சங்கமும்

பெரம்பூர்ப் பக்கம் பக்கிங்ஹாம் மில், கர்நாடிக் மில் என்ற இரண்டு பஞ்சாலைகள் இருந்தன. இரண்டும் பின்னி கம்பெனியின் நிர்வாகத்தில் நடந்தவை. சுமார் 10,000 பேர் வேலை பார்த்தார்கள். வேலை நேரம் நீளம், மதிய இடைவேளையோ அரை மணிதான். அதற்குள் கை கழுவி, சாப்பிட்டு, மறுபடி தறிக்குத் திரும்பியாக வேண்டும். இதுவும் மேஸ்திரிகளின் கெடுபிடியும்தான் அன்றைய பெரிய குறைகள்.

அந்தப் பகுதி வியாபாரிகளான செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் தொழிலாளரின் குறைகளை வெளியே கொண்டுவந்தார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. அன்னிபெசன்ட் அம்மையாரோடு பணிபுரிந்த பி.பி. வாடியா தலைவர். திரு.வி.க. துணைத்தலைவர்களில் ஒருவர். வாடியாவின் பேச்சு ஆங்கிலம். ஆலைத் தொழிலாளிக்குப் புரியும் தமிழில் பேச திரு.வி.க. இருந்தார்.

அப்போது தொழிற்சங்கத்துக்கென்று சட்டப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. 1920 அக்டோபரில் பக்கிங்ஹாம் மில் கதவடைக்கப்பட்டது. டிசம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். தொழிலாளரை வேலைக்குப் போகாமல் தூண்டினார் என்று வாடியா மீது கம்பெனி உயர் நீதிமன்றத்தில் நஷ்ட ஈடு வழக்குப் போட்டது. தொழிலாளர் இயக்கத்திலிருந்து அவர் விலகிக்கொள்வது என்ற சமரசத்தில் வழக்கு முடிந்தது. இந்த வழக்கு நாடு முழுவதும் கவனிக்கப்பட்டது. சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று 1921-இல் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

1921: கைவிட்டுப் போன வேலைநிறுத்தம்

வாடியா விலகியபின் சங்கத்தை நடத்தும் பாரம் திரு.வி.க.வின் தோளில் விழுந்தது. 1921 மே மாதம் கர்நாடிக் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜூன் மாதம் பக்கிங்ஹாம் மில்லிலும் தொடங்கியது.

ஆனால் ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பாலோர் இந்த முறை வேலைக்குத் திரும்பினார்கள். மற்ற சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நின்றார்கள். ஆதிதிராவிடர் தலைவரான எம்.சி. ராஜாவும் வேலைக்குப் போவதே நல்லது என்ற நிலையில் இருந்தார். காரணம் புரிந்துகொள்ள முடியாததல்ல. சில மாதங்களுக்கு முன்தான் கதவடைப்பில் மூன்று மாதக் கூலி போயிருந்தது. அவர்களுக்குக் கையிருப்பு இல்லை, கடன் இருந்தது. சங்கத்திலும் தங்களுக்குச் சம இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இல்லை. வெளியே நின்றவர்களுக்கோ அது துரோகமாகத் தெரிந்தது.

ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஒரே ஆலையில் பக்கத்துப் பக்கத்துத் தறியில் வேலை பார்த்தவர்கள் தெருவில் மோதிக்கொண்டார்கள். ஆகஸ்டில் மறுபடி துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. கவர்னர் வில்லிங்டன் திரு.வி.க.வை அழைத்து நாடு கடத்துவதாக எச்சரித்தார். கம்பெனி இறங்கி வரவே இல்லை. அக்டோபரில் கோரிக்கை எதுவும் நிறைவேறாமல் வேலைநிறுத்தம் முடிந்தது. சங்கம் ஏறக்குறைய உடைந்தது.

இதில் திரு.வி.க.வின் உழைப்பையோ நேர்மையையோ யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தொழிலாளி என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாரும் அடங்கிவிடுவார்கள் என்ற எண்ணம் தவறாகிப் போனது. முதலாளிக்கு எதிரே எல்லாரும் ஒன்று என்று மேடையில் சொல்வது எளிது. ஒரு மாதம் கூலி இல்லாமல் தாங்கக்கூடியவரும் ஒரு வாரம்கூடத் தாங்க முடியாதவரும் அந்த வரிசையில் சேர்ந்து நின்றார்கள். இதைச் சங்கம் முன்கூட்டியே கணக்கில் வைக்கவில்லை. இடதுசாரி இயக்கங்கள் அதற்குப் பிறகும் பல இடங்களில் தடுமாறியது இங்கேதான்.

காஞ்சிபுரமும் அதற்குப் பிறகும்

சாதி விஷயம் அவரை இன்னொரு முறையும் சோதித்தது. 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் காங்கிரஸ் மாகாண மாநாடு நடந்தது. திரு.வி.க. தலைமை தாங்கினார். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் கோரிய பெரியாரின் தீர்மானத்தை அவர் அனுமதிக்கவில்லை. பெரியார் வெளியேறினார். இருவருக்கும் இடையில் இருந்த நட்பு மட்டும் முறியவில்லை.

தொழிலாளர் விஷயத்தில் அவர் காந்தியையும் மார்க்ஸையும் சேர்த்துப் படித்தவர். முதலாளி தன்னைத் தர்மகர்த்தாவாக நினைக்க வேண்டும் என்றது காந்தியம். இரு தரப்பின் நலனும் அடிப்படையிலேயே மோதுகிறது என்றது மார்க்ஸியம். அவருடைய நண்பர் சிங்காரவேலர் இரண்டாவது வழியில் உறுதியாகப் போனார். 1923-இல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியவர் அவர். திரு.வி.க.வோ பொதுவுடைமையை ஏற்றுக்கொண்டு, அதை அன்பு வழியில் அடைய முடியும் என்று கடைசி வரை நம்பினார்.

1947-இல் பின்னி ஆலையில் மறுபடி நீண்ட வேலைநிறுத்தம். இம்முறை ஆட்சியில் இருந்தது காங்கிரஸ், அவர் பல ஆண்டுகள் உழைத்த கட்சி. அறுபது வயதைக் கடந்த அவரை அந்த அரசே வீட்டுக் காவலில் வைத்தது. வெள்ளைக்கார அரசு நாடு கடத்துவேன் என்று மிரட்டியதோடு நின்றது. சொந்தக் கட்சி அரசு அதைத் தாண்டிப் போனது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் ஆலை நிற்பதை விரும்பாது என்பதை அவர் நேரிலேயே கண்டார்.

கடைசிக் காலத்தில் பார்வை போனது. அப்போதும் சொல்லச் சொல்லப் பிறர் எழுத, கவிதை நூல்கள் செய்தார். ஒன்றுக்கு முதுமை உளறல் என்று தானே கேலியாகப் பெயர் வைத்தார். 1953 செப்டம்பர் 17 அன்று காலமானார்.

நமக்கு என்ன?

பின்னி ஆலை 1996-இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் இன்று நம்முடையதைப் போன்ற அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. சங்கம் வைக்கும் உரிமை பற்றிய பேச்சு மட்டும் முடியவில்லை. பழைய செங்கற்பட்டு ஜில்லாவிலேயே, சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் சங்க அங்கீகாரம் கேட்டு 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை வேலைநிறுத்தம் நடந்ததை நாம் செய்தியில் பார்த்தோம்.

நம்மில் பாதிப் பேருக்குமேல் பழைய மாமல்லபுரம் சாலை கம்பெனிகளில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறோம். ஆட்குறைப்பு என்றால் நமக்கும் தூக்கம் போகிறது. ஆனால் கேட்டுக்குள் நுழைந்ததும் நாமே முதலாளிகள். திருப்போரூர், திருக்கழுக்குன்றம் பக்கமிருந்து காலை முதல் பஸ் பிடித்து வரும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் காவலர்களுக்கும் நாம்தான் கம்பெனி. காண்டிராக்டர் நடுவில் இருந்தாலும் பணம் நம்முடைய பராமரிப்புக் கட்டணம்தான்.

தொடக்கத்தில் சொன்ன காரணம் இதுதான். மதியம் உட்கார்ந்து சாப்பிட மின்விசிறியுடன் ஓர் அறையும், முழுதாக முக்கால் மணி இடைவேளையும் வேண்டும் என்று நம் பணியாளர்கள் கேட்டிருக்கிறார்கள். இப்போது அவர்கள் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் படிக்கட்டில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள். அடுத்த பொதுக்குழுவில் இது விவாதத்துக்கு வருகிறது. கோரிக்கையை எழுதித் தந்தவர்கள் நான்கு பேர். மற்றவர்கள் கையெழுத்துப் போடவில்லை. அதனால் மற்றவர்களுக்கு இது தேவையில்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். 1921-இல் வேலைக்குத் திரும்பியவர்களுக்கும் குறைகள் இல்லாமல் இல்லை. வேலை போய்விடுமோ என்ற பயம் யாருக்கு அதிகமோ அவர்தான் முதலில் கையெழுத்திலிருந்து விலகுவார்.

வாக்களிக்கும் முன் ஒருநாள் மதியம் ஒரு மணிக்கு அந்தப் படிக்கட்டுப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.