சி. வை. தாமோதரம்பிள்ளை: ஏடு சேர்த்து எல்லோருக்கும் கொடுத்தவர்

அழகான புத்தகங்களைச் சேர்ப்பது சின்ன வயதிலேயே என்னைத் தொற்றிக்கொண்ட பழக்கம். கலிக்கோ கட்டுப் போட்ட கழகப் பதிப்புகள், மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட சங்க இலக்கியங்கள், முதுகில் பொன்னெழுத்துப் பொறித்த கம்பராமாயணம் என்று அலுமாரியில் இரண்டு தட்டு நிறைய வைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், வாசித்ததை விடத் தூசி தட்டி அடுக்கியதுதான் அதிகம்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது சைக்கிளில் அரிசிக்கும் உடுப்புக்கும் மட்டுமே இடமிருந்தது. அடுத்த வருடம் திரும்பி வந்து பார்த்தால் புத்தகங்களும் இல்லை, அலுமாரியும் இல்லை. சுவரோரம் கறையான் புற்றுத்தான் எழும்பி நின்றது. வீடு போனவர்கள், பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் நடுவில் புத்தகம் போனதென்று அழ வெட்கமாக இருந்தது. ஆனாலும் மனம் ஆறவில்லை.

அதற்குப் பிறகுதான் சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளையின் வாழ்க்கை எனக்கு வேறு விதமாக விளங்கியது. பாடசாலையில் அவரைப் பதிப்பாசிரியர் என்று மனனம் செய்திருந்தேன். உண்மையில் அவர் முதலில் ஒரு சேகரிப்பாளர்.

1832 இல் சிறுப்பிட்டியில் வைரவநாதபிள்ளையின் மகனாகப் பிறந்தார். அவருடைய பெயருக்கு முன்னால் நிற்கும் இரண்டு எழுத்துகளில் ஒன்று ஊர், மற்றது தகப்பன். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டைச் செமினறியிலும் படித்து, கோப்பாயில் ஆசிரியராக இருந்து, பிறகு கடல் கடந்து சென்னைக்குப் போனார். 1857 இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவர். இருவரும் யாழ்ப்பாணத்தவர்கள். ஒருவர் கறோல் விசுவநாதபிள்ளை, மற்றவர் இவர். ஆசிரியர், அரசாங்கக் கணக்கு அலுவலர், கும்பகோணத்தில் வழக்கறிஞர், புதுக்கோட்டையில் நீதிபதி என்று அவருடைய உத்தியோகம் உயர்ந்துகொண்டே போனது. வசதியாக இருந்து பென்சன் எடுத்திருக்கலாம். அவரோ உழைத்த பணத்தையும் ஓய்வு நேரத்தையும் ஓலைச் சுவடிகளில் கொட்டினார்.

அந்தக் காலத்துச் சுவடிகளின் நிலைமையை நாங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். பனையோலைக்கு ஆயுள் குறைவு. செல்லரிக்கும், ஓரம் உதிரும், எழுத்து மங்கும். ஓலை பழுதாவதற்கு முன் யாராவது புது ஓலையில் பார்த்து எழுதினால்தான் நூல் அடுத்த தலைமுறைக்குப் போகும். எழுதும் வழக்கம் குறையக் குறைய, மடங்களிலும் புலவர் வீட்டுப் பரண்களிலும் கிடந்த நூல்கள் சத்தமில்லாமல் செத்துக்கொண்டிருந்தன. கட்டை அவிழ்க்கும்போதே ஓலை நொறுங்கும் வேதனையை அவர் தமது பதிப்புரையில் எழுதியிருக்கிறார். வாசிக்கும்போது, கிடைத்ததைக் காப்பாற்ற ஓடுகிற ஒருவரின் பதற்றம் தெரியும்.

1868 இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு அச்சிட்டபோது, அதைப் பரிசோதித்துக் கொடுக்க ஆறுமுக நாவலர் இருந்தார். 1879 இல் நாவலர் காலமானார். அதன் பின் அந்தப் பொறுப்பு முழுவதும் தன் தலையில் விழுந்தது போலவே இவர் வேலை செய்தார். 1881 இல் வீரசோழியம், 1883 இல் இறையனார் அகப்பொருள், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887 இல் கலித்தொகை, 1889 இல் சூளாமணி என்று அடுத்தடுத்து வந்தன. எட்டுத்தொகை நூல்களில் முதலில் அச்சேறியது இவருடைய கலித்தொகைதான். உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணி வெளிவந்ததும் அதே 1887 இல்தான்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு நூலுக்கு ஒரு சுவடி கிடைத்தால் போதாது. பல ஊர்களிலிருந்து பல பிரதிகளை வரவழைத்து, அருகருகே வைத்து, எங்கே எழுத்து மாறியிருக்கிறது, எங்கே வரி விழுந்திருக்கிறது என்று ஒப்புநோக்க வேண்டும். பழைய ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. குறிலா நெடிலா என்பது கூடப் பல இடங்களில் தெரியாது. பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதையும் அறிவால்தான் பிரிக்க வேண்டும். கண்ணையும் காசையும் ஒன்றாகத் தின்னும் வேலை அது.

1895 இல் அரசாங்கம் அவருக்கு ராவ்பகதூர் பட்டம் கொடுத்தது. 1901 ஆம் ஆண்டின் முதல் நாள் காலமானார்.

அவர் கண்மூடி எண்பது வருடங்கள் கழித்து, 1981 இல், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. ஏட்டுச் சுவடிகளும் போயின. எங்கும் பிரதி இல்லாதவை அன்றோடு முடிந்தன. கலித்தொகை எரியவில்லை. அதன் ஒரு பிரதி அங்கே எரிந்திருந்தாலும் நூல் எரியவில்லை. ஏனென்றால் அது அதற்குள் ஆயிரம் வீடுகளுக்குப் போய்விட்டது.

என்னைப் போன்றவர்கள் சேர்த்தது அலுமாரிக்கு. ஒருவருக்கும் இரவல் கொடுக்க மனம் வராது. மூலை மடங்கிவிடும் என்ற பயம். தாமோதரம்பிள்ளை சேர்த்தது பெருக்குவதற்கு. கையில் வந்த ஓலை கையோடு போய்விடக் கூடாது என்று அச்சுக்கூடத்துக்குக் கொண்டு ஓடினார்.

இப்போதும் அழகான பதிப்பைக் கண்டால் வாங்குகிறேன், பழக்கம் விடாது. ஆனால் 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் எங்கள் பழைய நூல்களும் பத்திரிகைகளும் பக்கம் பக்கமாக ஏற்றப்படுவதைப் பார்க்கும்போது, சிறுப்பிட்டிக்காரரின் வேலை நிற்கவில்லை என்று ஆறுதல் வருகிறது. உங்கள் வீட்டு றங்குப் பெட்டியிலும் ஒரு பழைய ஊர் மலரோ, கோயில் பதிகமோ, பேரனார் எழுதிய கொப்பியோ தப்பிக் கிடக்கலாம். அதைப் பத்திரமாகப் பூட்டி வைக்காதீர்கள். இன்றைக்கே ஒரு பிரதி எடுத்து இன்னொருவரிடம் கொடுங்கள்.