சட்டமேதை சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன்

அமெரிக்க நாட்டின் அரசுப் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளை வெள்ளையர் குழந்தைகளிடமிருந்து பிரித்து வைப்பது அரசியல் சட்டத்திற்கு மாறானது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பிற்குப் பாதை வகுத்த பெருமகனார் அதனைக் கேட்க உயிரோடு இல்லை. நான்காண்டுகளுக்கு முன்பே அவர் மறைந்துவிட்டார். வழக்கில் வென்ற தர்குட் மார்ஷல் அவருடைய மாணவர். அப்பெருமகனாரே சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். அவருடைய கல்லூரி வாழ்க்கையையும் அதன் பயனையும் நம் சமுதாய இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம்.

ஹூஸ்டன் 1895ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் வாஷிங்டன் நகரில் பிறந்தார். அவருடைய பாட்டனார் அடிமைத் தளையிலிருந்து தப்பி வந்தவர். தந்தையார் வில்லியம் ஹூஸ்டன் பகலில் அரசு அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றி, இரவில் சட்டம் பயின்று வழக்கறிஞரானவர். தாயார் மேரி ஆசிரியப் பணியை விட்டுச் செல்வர் வீட்டுப் பெண்டிர்க்குச் சிகை ஒப்பனை செய்து பொருளீட்டியவர். ஒரே மகனுக்கு மிகச் சிறந்த கல்வியை அளித்தே தீர்வது என்பது அவ்விருவரின் உறுதி.

எம் தெரு உயர்நிலைப் பள்ளி அக்காலத்தில் கறுப்பின மாணவர்க்கென அமைந்த புகழ்மிக்க பள்ளியாகும். அங்கு 1911ஆம் ஆண்டில் படிப்பை முடித்த ஹூஸ்டன் அவ்வாண்டே ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியிற் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 16.

மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் 1821ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது அக்கல்லூரி. அது பெரிய பல்கலைக்கழகம் அன்று. தொழிற்கல்வி தரும் இடமும் அன்று. மொழி, இலக்கியம், தத்துவம், வரலாறு, கணிதம், அறிவியல் ஆகியவற்றைப் பரந்துபடக் கற்பித்துச் சிந்திக்கும் திறனை வளர்ப்பதே அதன் நோக்கம். மாணவர் தொகை சில நூறே. அவர்களும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 1826ஆம் ஆண்டிலேயே எட்வர்ட் ஜோன்ஸ் என்னும் கறுப்பினத்தவர் அங்குப் பட்டம் பெற்றார் எனினும், அதன்பின் அவ்வினத்தார் மிகச் சிலரே அவ்வாயிலைக் கடந்தனர். 1915ஆம் ஆண்டு பட்டம் பெறவிருந்த வகுப்பில் ஹூஸ்டன் ஒருவரே கறுப்பினத்தவர்.

சிறிய கல்லூரியில் ஒருவரையொருவர் அறியாதார் இலர். அந்நெருக்கம் ஏனையோர்க்கு இன்பம் தரும். ஒதுக்கப்பட்டவனுக்கோ தன் தனிமையை மறைத்துக்கொள்ளவும் இடம் இராது. அங்கு மாணவர் பலர் சகோதரச் சங்கங்களில் உறுப்பினராகி, அச்சங்க இல்லங்களிலேயே தங்கி, உண்டு, உரையாடி, வாழ்நாள் நட்பைத் தேடிக்கொண்டனர். கறுப்பின மாணவர்க்கு அச்சங்கங்களின் கதவு திறக்கவில்லை. வகுப்பறையில் ஒன்றாக அமரலாம். வகுப்பு முடிந்தபின் ஒன்றாக வாழ இயலாது. இதுவே அன்றைய நிலை.

அந்நான்காண்டுகளை ஹூஸ்டன் வீணாக்கவில்லை. தனிமையைப் படிப்பிற்கான பொழுதாக மாற்றிக்கொண்டார். சிறந்த மாணவர்க்கே உரிய பை பீட்டா கப்பா கழகத்தின் உறுப்பினராகத் தேர்வு பெற்றார். பட்டமளிப்பு விழாவில் உரையாற்றும் தகுதி பெற்ற முதன்மை மாணவர் அறுவருள் ஒருவரானார். கிரேக்கப் பெரியோரையோ ஆங்கிலப் புலவரையோ பற்றிப் பேசிப் பாராட்டுப் பெற்றிருக்கலாம். அவரோ பால் லாரன்ஸ் டன்பர் என்னும் கவிஞரைத் தேர்ந்தெடுத்தார். அடிமைகளாய் இருந்த பெற்றோர்க்குப் பிறந்த கறுப்பினக் கவிஞர் அவர். அவ்வவையில் தம் இனத்தின் கவிஞரைப் பேசியது சிறிய செயலன்று.

அவ்வாண்டுகளிலேதான், 1913ஆம் ஆண்டில், அண்ணல் அம்பேத்கர் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார் என்பதை நாம் ஈண்டு எண்ணிப் பார்த்தல் தகும். ஒரே காலத்தில், ஒரே நாட்டில், இரு வேறு கண்டங்களின் ஒடுக்கப்பட்ட மக்களுக்காக இரு சட்ட அறிஞர்கள் உருவாகிக் கொண்டிருந்தனர்.

பட்டம் பெற்றபின் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த ஹூஸ்டன், முதல் உலகப் போரில் படை அதிகாரியாகப் பிரான்சு சென்றார். சொந்த நாட்டு வெள்ளைச் சிப்பாய்களே கறுப்பின அதிகாரிகளை இழிவுபடுத்தியதை அங்குக் கண்டார். உயிர் பிழைத்து மீண்டால் சட்டம் பயின்று தம் மக்களுக்காகப் போராடுவது என்று உறுதி பூண்டார். 1919ஆம் ஆண்டு ஹார்வர்டு சட்டப் பள்ளியிற் சேர்ந்து, அதன் சட்ட ஆய்விதழின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதற் கறுப்பினத்தவரானார். 1923ஆம் ஆண்டு சட்ட முனைவர் பட்டமும் பெற்றார்.

பின்னர் ஹோவர்டு சட்டப் பள்ளியின் பொறுப்பை ஏற்று, இரவுப் பள்ளியாக இருந்த அதனை முழுநேரப் பள்ளியாக்கினார். 1931ஆம் ஆண்டில் அது அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் ஏற்பைப் பெற்றது. மார்ஷலும் ஆலிவர் ஹில்லும் அவரிடம் பயின்று 1933ஆம் ஆண்டு வெளிவந்தனர்.

காலம் அவரை மீண்டும் ஆம்ஹெர்ஸ்டின் நினைவோடு பிணைத்தது. 1934ஆம் ஆண்டில் அக்கல்லூரியிற் பட்டம் பெற்ற டொனால்ட் மர்ரே என்னும் கறுப்பின இளைஞரை மேரிலாண்டு பல்கலைக்கழகச் சட்டப் பள்ளி சேர்க்க மறுத்தது. தகுதிக் குறைவு காரணம் அன்று, நிறமே காரணம். பிரித்து வைத்தாலும் சமமாக நடத்தினால் போதும் என்பது 1896ஆம் ஆண்டு முதல் நீதிமன்றம் ஏற்றிருந்த கொள்கை. கறுப்பினத்தவர்க்கு அம்மாநிலத்தில் வேறு சட்டப் பள்ளியே இல்லாதபோது சமம் எங்கே இருக்கிறது என்று ஹூஸ்டனும் மார்ஷலும் வாதிட்டனர். 1935ஆம் ஆண்டு கீழ் நீதிமன்றமும் 1936ஆம் ஆண்டு மேல் நீதிமன்றமும் மர்ரேயின் பக்கம் தீர்ப்பளித்தன. மர்ரே 1938ஆம் ஆண்டு அப்பள்ளியிலேயே சட்டப் பட்டம் பெற்றார். அவ்வாண்டில் மிசௌரி மாநிலத்தின் லாயிட் கெயின்ஸ் வழக்கிலும் ஹூஸ்டன் உச்ச நீதிமன்றத்தில் வெற்றி கண்டார்.

ஓய்வறியா உழைப்பு உடலை வருத்தியது. 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், 54ஆம் வயதில், இதய நோயால் அவர் காலமானார்.

அன்பார்ந்த இளைஞர்களே! உயர்ந்த கல்வி நிலையத்தில் நம்மவர் ஒருவர் தனியே அமரும்போது இரண்டு மயக்கங்கள் அவரைச் சூழக்கூடும். நம்மிடம் ஏதோ குறை இருப்பதால் ஒதுக்கப்படுகிறோம் என்பது ஒன்று. நமக்கு இடம் கிடைத்துவிட்டதால் அநீதி ஒழிந்தது என்பது மற்றொன்று. தம் வகுப்பின் முதன்மை மாணவருள் ஒருவராய் விளங்கி முதல் மயக்கத்தை ஹூஸ்டன் பொய்யாக்கினார். அடுத்து வந்தவனுக்காக வழக்காடி இரண்டாவதையும் வென்றார். கிடைத்த இருக்கையைத் தமக்கு மட்டும் உரிய பரிசாக அவர் கருதவில்லை. பின்வருவோர்க்குச் செலுத்த வேண்டிய கடனாகவே கருதினார். நாமும் அக்கடனை மறவாதிருப்போமாக!