ஆபீஸ் நாற்காலியில் ஐன்ஸ்டீன்

1900-ல் ஜூரிச்சில் பட்டம் பெற்றும் ஆல்பர்ட் ஐன்ஸ்டீனுக்குக் கல்லூரி வேலை கிடைக்கவில்லை. நண்பரின் தந்தை சிபாரிசால், 1902-ல் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் மூன்றாம் வகுப்பு நிபுணரானார். ஆண்டுச் சம்பளம் 3,500 பிராங்க். வாரம் ஆறு நாள் வேலை.

அணு உண்டா என்றே சில பெரிய விஞ்ஞானிகள் சந்தேகித்த காலம் அது. தண்ணீரில் மிதக்கும் நுண்துகள் ஓயாமல் அலைவது மூலக்கூறுகள் மோதுவதால்தான் என்று 1905-ல் கணக்கிட்டுக் காட்டினார். நான்கு மடங்கு நேரத்தில் சராசரியாக இரண்டு மடங்கு தூரமே அது நகரும். பாரிஸில் பெரேன் நுண்ணோக்கியில் அளந்து பார்த்தார். கணக்கு சரியாக இருந்தது. பிடிவாதக்காரரான ஆஸ்வால்டும் அணுவை ஒப்புக்கொண்டார்.

உருகிய கண்ணாடி குளிர்ந்து இறுகும்போது துகள்கள் பக்கத்துத் துகள்களிடையே சிறைப்பட்டு இக்கணக்கை மீறுகின்றன. எவ்வளவு மீறுகின்றன என்று பார்க்க இன்றும் அதுவே அளவுகோல்.

ஆபீஸில் 1906-ல் ஒரு படி உயர்வு கிடைத்தது. அந்த நாற்காலியை விட்டு எழுந்தது 1909-ல்தான்.